பதினான்கு குதிரை முட்டைகள்

முப்பது மணி நேரம் முடிய இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கிறது, அதற்குள் இன்குபேட்டர் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற சூடும் காற்றும் கலைந்துபோகும், இது எனக்குத் தெரியும், தெரிந்தும் கை இரண்டு தரம் கைப்பிடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டது. உள்ளே இரண்டு சின்னத் தட்டுகள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் பாதிகூட வராது. ஒன்றில் ஏழு முட்டை, மற்றதில் ஏழு. குதிரை முட்டை. இதைச் சொன்னாலே சிரிக்கிறார்கள், கால்நடைக் கல்லூரி விடுதி மெஸ்ஸில் சிரிக்கிறார்கள், ரயிலில் எதிர் இருக்கைக்காரர் சிரிக்கிறார், போன தை மாதம் என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை சிரித்துவிட்டு, “குதிரை முட்டை போடுமாங்க? ஆம்லெட் எப்படி இருக்கும்?” என்றார். குட்டி போடுகிற எல்லாவற்றுக்கும் உள்ளே முட்டை உண்டு, உங்கள் அம்மாவுக்கும் இருந்தது, அதில் ஒன்றுதான் இப்போது என் எதிரில் காபி குடித்துக்கொண்டிருக்கிறது என்றேன். அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. அம்மா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நான் சொன்னதில் எந்த வார்த்தை தப்பு என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தோற்றுவிட்டதாக ஒத்துக்கொள்ள வேண்டும், மௌனம் என்ன பதில். சரி, அது இருக்கட்டும். பதினேழு நிமிடம். இந்தப் பதினாலும் ரோசியினுடையவை. ரோசி மலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வந்த மட்டக்குதிரை, முந்தாநாள் மதியம் சாக்கடை மூடியில் கால் மாட்டி எலும்பு முறிந்தது, அங்கிருக்கிற டாக்டர் ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்கவைத்துவிட்டு, முட்டை வளர்கிற சினைப்பைகள் இரண்டையும் எடுத்து டீ பிளாஸ்கில் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார். நேற்று விடியற்காலை பேருந்து நிலையத்தில் கண்டக்டர் பிளாஸ்கை நீட்டி, “என்னம்மா, சூப்பா?” என்றார். நான் ஆமாம் என்றேன். விவாதிக்க நேரமில்லை. போன பங்குனிக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த குதிரை இது ஒன்றுதான். மாடென்றால் கசாப்புக் கூடத்தில் வாளி வாளியாகக் கிடைக்கும், குதிரை கிடைக்க ஏதாவது ஒன்று தடுக்கி விழ வேண்டும். ஒரு ஜீவன் எப்போது விழும் என்று காத்திருக்கிற படிப்பு இது. அதன் கண் எப்படி இருந்திருக்கும், யாரையாவது முதுகில் வைத்துக்கொண்டா விழுந்தது, குழந்தையா, இதையெல்லாம் நான் அந்த டாக்டரிடம் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், பிளாஸ்கில் என்ன சூடு என்று மட்டும் கேட்டேன்.

உடம்புக்குள் இருந்தால் முட்டை அதுவாகப் பழுக்கும். வெளியே எடுத்தால் நாம் முப்பது மணி நேரம் சூட்டில் வைத்துப் பழுக்கவைக்க வேண்டும், வாழைத்தாரைப் புகை போட்டு வைக்கிற மாதிரிதான், ஆனால் வாழைக்காய்க்குக் காற்று பகை இல்லை. முட்டைக்குப் பகை. சினைப்பைக்குள் ஆக்ஸிஜன் கொஞ்சம்தான் இருக்கும், வெளியே வந்ததும் நாம் சுவாசிக்கிற இதே காற்று அதைத் தின்ன ஆரம்பிக்கும், மழையில் விட்ட சைக்கிள் துருப்பிடிக்கிற மாதிரி உள்ளுக்குள் துருப்பிடிக்கும். அந்தத் துருவைத் தடுக்கிற மருந்துக்குப் பெயர்தான் ஆன்டிஆக்ஸிடன்ட், பச்சைத் தேயிலைப் பொட்டலத்திலும் முகத்துக்குப் பூசுகிற களிம்பிலும் எழுதியிருக்குமே, அதே வார்த்தை. ஒரு தட்டில் மருந்து போட்டிருக்கிறேன், மற்றதில் போடவில்லை. எதில் நிறையப் பழுக்கிறது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான் என் ஐந்து வருஷம். போன பங்குனியில் செத்துப்போன இரண்டு குதிரைகளின் முட்டைகளை வைத்து இதே சோதனையைச் செய்தேன், தட்டுக்குப் பதினொன்று. மருந்துத் தட்டில் ஏழு பழுத்தன, மருந்தில்லாததில் மூன்று. திலகவதி மேடம் என்னைக் கட்டிக்கொண்டார், என் வழிகாட்டி, யாரையும் தொட்டுப் பேசாதவர், அன்றைக்குக் கட்டிக்கொண்டார். அந்த ஏழும் மூன்றும் வடக்கே ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டன, அச்சாகிவிட்டன, மேடத்தின் அடுத்த மூன்று வருஷத் திட்டமே அதன் மேல் நிற்கிறது. நேற்று விடியற்காலை அந்த எண்களின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. காரணம் என் கை. எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் தட்டின் பெயரை மூடியில்தான் எழுதுவோம், அடியில் எழுதினால் மைக்ராஸ்கோப்பில் பேனா மை முட்டைக்கு நடுவே நிழலாக விழும், அதனால் மூடி, எனக்கு முன்னால் படித்த அத்தனை பேரும் மூடி. நேற்று இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முட்டை காயாமல் இருக்க மேலே எண்ணெய் ஊற்றுவதற்காக இரண்டு மூடியையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் தூக்கினேன், எண்ணெய்ப் புட்டி இடதுபக்கம் இருந்ததால் என் இடது கை குறுக்கே வந்து தன் மூடியை வலதுபக்கம் வைத்தது, வலது கை தன்னுடையதைப் புட்டிக்கு முன்னால், இடதுபக்கம். யோசிக்காமல். எத்தனையோ வருஷமாகச் செய்கிற மாதிரி அவ்வளவு சாவகாசமாக. பிறகு மூடப் போகும்போது எது எங்கே கிடக்கிறதோ அதையே எடுத்து மூடினேன். மூடின பிறகுதான் பார்த்தேன், பெயர் இடம் மாறிவிட்டது. நேற்று பரவாயில்லை, ஏதோ ஒரு புண்ணியத்துக்கு அடியில் ஊசியால் ஒரு கீறல் போட்டிருந்தேன், மருந்துத் தட்டுக்குக் கீறல், சரிசெய்துவிட்டேன். பங்குனியில் கீறல் இல்லை. பங்குனியிலும் எண்ணெய்ப் புட்டி அங்கேதான் இருந்தது. பங்குனியிலும் இதே கைகள்தான். அப்படியானால் ஏழு பழுத்தது எந்தத் தட்டில். மூன்று பழுத்தது எதில். மாற்றி மூடினேனா, இல்லையா, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன், மூடிகள் தெரிகின்றன, கைகள் தெரிகின்றன, எது எங்கே போனது என்பது மட்டும் தெரியவில்லை, ஒவ்வொரு தரம் பார்க்கும்போதும் எனக்கு வேண்டிய பக்கம் போகிறது. மேடத்திடம் நேற்றே சொன்னேன். “இசக்கி, நீ தூங்கல. கற்பனை பண்ணாதே. நாளைக்கு எண்ணு, அதே மாதிரி வரும், அப்புறம் நீயே சிரிப்ப.” வராவிட்டால் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “வரும்.”

ஒன்பது நிமிடம். மேசைமேல் போன் மறுபடி அதிர்கிறது, அக்கா. இது மூன்றாவது தரம். எடுக்கவில்லை. எடுத்தால் என்ன கேட்பாள் என்று குரல்பதிவில் ஏற்கெனவே கேட்டுவிட்டாள். “ஏட்டி, பதினொன்னரைக்கு டாக்டரம்மாவப் பாக்கணும். அத்தையும் கூட வாராவ. இந்த மாத்திரைய விடவா, இன்னும் திங்கவா, ஒரு வார்த்த சொல்லிரு.” மாத்திரை. சொர்ணம் அக்காவுக்கு முப்பத்தேழு வயது, கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளையில்லை, கூட வருகிற அத்தை அவள் மாமியார். பங்குனி கடைசியில் அவளைப் பார்க்கிற டாக்டரம்மா, கருமுட்டையை இப்பவே எடுத்துவிடலாம், இல்லை, இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையைச் சில மாதம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுக்கலாம், உங்கள் விருப்பம் என்றிருக்கிறார். அக்கா அட்டையில் இருந்த பேரை எழுத்துக் கூட்டி என்னிடம் போனில் படித்தாள். எங்கள் மருந்தின் ஒன்றுவிட்ட சகோதரி. நான் அப்போதுதான் மேடம் கட்டிக்கொண்ட சூடு தோளில் ஆறாமல் நின்றிருந்தேன். குதிரை வேறு, மனுஷி வேறு. தட்டு வேறு, வயிறு வேறு. பதினொரு முட்டையை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. இதையெல்லாம் முதலாண்டு மாணவி சொன்னால் தட்டிக்கொடுப்பேன், சொல்லாவிட்டால் கிழித்துவிடுவேன். அக்காவிடம் என்ன சொன்னேன். “தாராளமா சாப்பிடுக்கா, நானே கண்ணால பாத்திருக்கேன். நாலு மாசம் சாப்பிட்டுட்டு அப்புறம் போ.” கண்ணால் பார்த்தேனாம். அக்கா தள்ளிப்போட்டாள். முப்பத்தேழில் நாலு மாசம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா, நான் படிப்பதே அதைத்தானே, முட்டைக்கு வயசாவதைத்தானே. அன்றைக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாயில் வராது. பள்ளிக்கூடத்தில் வராது, பட்டிமன்றத்தில் வராது, எங்கள் வீட்டில் நான்தான் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள், இவ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் என்று அப்பா பெருமையாகச் சொல்லிச் சொல்லி வளர்த்தது. வக்கீலாக இருந்தாலாவது எதிர்க்கட்சி வக்கீல் ஒருவர் இருந்திருப்பார்.

நேரம். கதவைத் திறந்தேன். தட்டை மைக்ராஸ்கோப்பின் வெதுவெதுப்பான மேடையில் வைத்தேன், முதலில் மருந்தில்லாதது, கீறல் இல்லை, அடியைத் திருப்பி மூன்று தரம் பார்த்தேன். ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் சின்னச் சின்னச் செல்கள் பஞ்சு மாதிரி அடர்ந்திருக்கும், அதை உரிக்க வேண்டும், மயிர்க்கனம் இருக்கிற கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி வெளியே விட்டு, மறுபடி உறிஞ்சி, கை நடுங்கினால் முட்டை கிழியும். பஞ்சு போனதும் உள்ளே ஒரு வட்டம், கருத்த வட்டம், குதிரை முட்டையில் கொழுப்பு அதிகம். பழுத்திருந்தால் அந்த வட்டத்தின் ஓரத்தில், தோலுக்கும் உடம்புக்கும் நடுவே, ஒரு சிறு உருண்டை ஒதுங்கி நிற்கும். தனக்கு வேண்டாத பாதியை முட்டை தானே வெளியே தள்ளியிருக்கும். உருண்டை இருந்தால் பழுத்தது, இல்லாவிட்டால் இல்லை. ஒன்று, இருக்கிறது. இரண்டு, இல்லை. மூன்று, இருக்கிறது, அழகாக, குழந்தை மூக்கு மாதிரி. நாலு, கெட்டுப்போனது, உடம்பு சுருங்கித் தோலை விட்டு விலகிவிட்டது. ஐந்து, இருக்கிறது. ஆறு, இல்லை. ஏழு, கொஞ்சம் மங்கல், ஆனால் இருக்கிறது. ஏழுக்கு நாலு. பங்குனியில் இந்தத் தட்டு மூன்றுதானே, அதுவும் பதினொன்றுக்கு. இதில் சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என் ஆய்வு சரிகிறது, எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, பாருங்கள் மேடம் என்று மனசுக்குள் ஒரு குரல் ஏற்கெனவே மேடை ஏறி மைக்கைத் தட்டுகிறது. அடுத்தது கீறல் தட்டு. ஒன்று, கெட்டது. இரண்டு, இருக்கிறது. மூன்று, கெட்டது. நாலு, கெட்டது. ஐந்து, இல்லை. ஆறு, இருக்கிறது. ஏழு. ஏழில் ஓரத்தில் ஏதோ இருக்கிறது. உருண்டையா, உடைந்த துணுக்கா. குழாய் முனையால் முட்டையை மெதுவாக உருட்டினேன், அது தன் முகத்தைக் காட்டாமல் திரும்பியது. மறுபடி உருட்டினேன். துணுக்குதான். உருண்டை இவ்வளவு சின்னதாக இருக்காது. விளிம்பு சீராக இல்லை. துணுக்குதான் என்று மூன்றாம் தரம் சொல்லிக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. மருந்தில்லாத தட்டின் ஏழாவதை நான் ஒரே தரம்தான் பார்த்தேன், அதுவும் மங்கல், அதன் விளிம்பு சீராக இருந்ததா என்று கேட்கவேயில்லை, இருக்கிறது என்று போட்டுவிட்டேன். இதை மட்டும் திரும்பத் திரும்ப உருட்டிக் குறுக்கு விசாரணை செய்கிறேன். எந்தத் தட்டு எது என்று தெரிந்த ஒருத்தி எண்ணக் கூடாது என்பது பாலபாடம், வேறு யாரையாவது எண்ணச் சொல்லியிருக்க வேண்டும், நான்தான் மற்றவர்களை நம்பமாட்டேன், நம்பாமல் என் கண்ணை நம்பினேன், என் கண்ணோ கோபமாக இருக்கிறது. மேடம் தோற்க வேண்டும் என்று பார்க்கிறது. உள்ளே இருக்கிற குரோமோசோமுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும், அதற்கு வேண்டிய புற ஊதா விளக்கு வைகாசியில் எரிந்துபோயிற்று, புதுசு வாங்குகிற கோப்பு எந்த மேசையில் தூங்குகிறதோ.

மேடம் பின்னால் வந்து நின்றதை மல்லிகை வாசனையில் தெரிந்துகொண்டேன். “என்னம்மா ஆச்சு?” நான் சொன்னேன், மருந்தில்லாதது ஏழுக்கு நாலு, மருந்து ஏழுக்கு இரண்டு, சந்தேகம் ஒன்று. அவர் என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். “கீறல் தட்டுல மூணு கெட்டுப்போனது. அதை யாரும் கணக்குல சேர்க்கறதில்லையே. அது சினைப்பையிலேயே கெட்டிருக்கும். எடுத்துடு. அப்ப நாலுக்குத்தான்.” அப்படியென்றால் மற்ற தட்டிலும் ஒன்று கெட்டிருக்கிறது, அதையும் எடுக்க வேண்டும் என்றேன். “எங்க? எனக்கு அது கெட்ட மாதிரித் தெரியலையே.” “மேடம், தோலை விட்டுச் சுருங்கியிருக்கு.” “லேசா.” “லேசாக் கெட்டதுன்னு ஒண்ணு இருக்கா மேடம்?” அவர் சிரித்தார், கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “சரிம்மா வக்கீலே, அதையும் எடுத்துக்கோ. ஆறுக்கு நாலு. இங்க நாலுக்கு ரெண்டா, மூணா? அந்த ஒண்ணு என்ன?” கணக்கு எனக்கும் அதே நொடியில் ஓடியது. மூன்று என்றால் நூற்றுக்கு எழுபத்தைந்து, அந்தப் பக்கம் அறுபத்தேழு, மருந்து ஜெயித்தது. இரண்டு என்றால் ஐம்பது, மருந்தில்லாதது ஜெயித்தது. ரோசியின் கடைசி முட்டை ஒன்று ஓரத்தில் எதையோ ஒட்டவைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது. “எனக்கு உருண்டையாத்தான் தெரியுது,” என்றார். “நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல, இசக்கி. நல்லாப் பாருன்னுதான் சொல்றேன். இந்தத் துறையில நான் சேர்ந்தப்போ, பொம்பளையால மாட்டுக்குள்ள கைவிட முடியுமான்னு பந்தயம் கட்டினாங்க. பதினாறு வருஷமா இங்க நிக்கறேன். இந்தத் திட்டம் நின்னுபோனா அவங்க என்ன சொல்வாங்கன்னு உனக்குத் தெரியும்.” தெரியும். அவர் சொல்வது ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் எரிச்சல், ஒரு பொய்யாவது சொன்னால் பிடித்துக்கொள்ளலாம். “சொல்லு. இருக்கா, இல்லையா?” இல்லை என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது, எவ்வளவு ஆசையாக இருந்தது, அந்த ஆசைதான் என்னை நிறுத்தியது. “தெரியல மேடம்.” அவர் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். “அந்தத் தட்டுல மங்கலா ஒண்ணு எண்ணிட்டேன். அதுவும் தெரியல. பங்குனில எந்த மூடி எங்க போச்சுன்னும் தெரியல.” “தெரியலைன்னு ரெஜிஸ்டர்ல ஒரு கட்டம் இல்லம்மா,” என்றார். நான் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டேன். அவர் அதைத் தடுக்கவில்லை, கோடு போட்டு அடிக்கவில்லை, “இதை வச்சுக்கிட்டு நான் எங்க போய் நிப்பேன்,” என்று, என்னிடம் இல்லை, சுவரிடம் கேட்பது போலக் கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார். நான் வென்றேனா. கட்டம் போடுவதில் என்ன வீரம், அதற்குப் பேனா போதும்.

பதினொன்று இருபத்தைந்து. ஆய்வகத்துக்கு வெளியே தண்ணீர்த்தொட்டி ஓரம் நின்று அக்காவைக் கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்தாள், பின்னால் ஆட்களின் பேச்சு, யாரோ டோக்கன் எண் கூப்பிடுகிற சத்தம். “ஏட்டி, எத்தன தரம் கூப்பிடுதேன். இந்தா அடுத்தது நாங்கதான்.” நான் தயாரித்து வைத்திருந்தேன், முதலில் குதிரை வேறு மனுஷி வேறு என்று தொடங்கி, பிறகு எண்ணிக்கை போதாது, பிறகு மூடி, வரிசையாக, ஆனால் வாயில் வந்தது, “எக்கா, நான் அன்னைக்குச் சொன்னது எனக்குத் தெரியாமச் சொன்னது.” “என்னது?” “அந்த மாத்திரை நல்லதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது. தட்டு மாறிப்போச்சோ என்னவோ, நான் பெருமைக்குச் சொல்லிட்டேன். நீ தள்ளிப்போட்டிருக்கக் கூடாது. டாக்டரம்மாகிட்ட நீயே கேளு, என்னைக் கேட்காதே.” அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் ஏதாவது பதில் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கலாம், மன்னிப்பைக்கூட நான் நன்றாக வாதாடிக் கேட்பேன். “நாலு மாசம்ட்டி,” என்றாள். அவ்வளவுதான். பிறகு குரலைத் தணித்து, “அத்தை இன்னைக்கி ஒரு முடிவு கேக்கணும்னு வந்திருக்காவ. மருந்து மாத்திரைன்னு எத்தன வருசம், எம்மவனுக்கும் வயசாவுதுலா, வேற பொண்ணு பாக்க வேண்டாமான்னு பஸ்சுல பூரா அதே பேச்சு. என் தங்கச்சி ஆராய்ச்சி பண்ணுதா, அவ சொல்லியிருக்கான்னு சொல்லித்தான் இத்தன நாளு நிறுத்தி வச்சிருக்கேன். வேற எதச் சொல்லியும் நிக்காது.” நான், எக்கா, இதில் என்னை இழுக்காதே, நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா தெரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்திருக்க வேண்டும், அவள் குரல் தள்ளிப்போனது, அவளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு வயதான குரல், “என்னளா, என்ன சொல்லுதா ஒந் தங்கச்சி?” என்று கேட்டது. “நல்லா வேலை செய்யுதாம் அத்தை,” என்றாள் அக்கா, சிரித்த குரலில். “நேத்து குதிரைக்கிக் குடுத்துப் பாத்திருக்கா. இன்னும் மூணு மாசம் திங்கச் சொல்லுதா.”

“அப்பம் சரி,” என்றது அந்தக் குரல். “அவ படிச்சவ. அவளுக்குத் தெரியாதா.”